கெட்ட சேதி சொல்லியே 60 லட்சம் பார்வை! ஜெர்மனி டி.வி. பெண்ணை ஜனங்கள் நம்பியது எப்படி?

நல்ல சேதி சொன்னால்தான் கூட்டம் சேரும் என்பார்கள். ஜெர்மனியில் ஒரு பெண், கெட்ட சேதியை சொல்லியே நாட்டை திரும்பிப் பார்க்க வைத்தார். பெயர் மாய் தி நுயென்-கிம். டி.வி. தொகுப்பாளர், அறிவியல் பத்திரிகையாளர்.

2020 மார்ச் மாதம். கொரோனா பயத்தில் ஜெர்மனி முடங்கிக் கிடந்தது. ஏப்ரல் 12-ந் தேதி ஈஸ்டர். ‘பண்டிகை முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்’ என்று பலர் நம்பிக்கொண்டு இருந்தார்கள். அந்த சமயம், ஏப்ரல் 2-ந் தேதி மாய் தி யூ டியூப்பில் ஒரு வீடியோ போட்டார். தலைப்பு: ‘கொரோனா இப்பத்தான் ஆரம்பிக்குது’.

என்ன சொன்னார்?

சுமார் 20 நிமிட வீடியோ. பெரும்பாலும் கணக்குதான். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை படுக்கைகளுக்கு ஒரு அளவு உண்டு. நோய் வேகமாக பரவினால் படுக்கை கிடைக்காமல் சாவு கூடும். மெதுவாக பரவ விட்டால், பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பு சக்தி வர வருஷக்கணக்கில் ஆகும். ஆகவே பரவலை அமுக்கி வைத்து, தடுப்பூசிக்கு காத்திருக்க வேண்டியதுதான் என்று விளக்கினார்.

வீடியோ காட்டுத்தீ போல பரவியது. 60 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. அவர் சொன்னதும் பலித்தது. ஈஸ்டர் போயும் கொரோனா போகவில்லை. ஜெர்மனியில் ஊசி போட ஆரம்பித்ததே டிசம்பர் கடைசியில்தான்.

யார் இவர்?

வியட்நாமில் இருந்து வந்த குடும்பம். 1987-ல் ஜெர்மனியில் பிறந்தார். அப்பா ரசாயன நிபுணர். மகளும் அதே படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் கம்பெனி வேலைக்கு போகாமல் கேமரா முன் வந்து நின்றார். 2018-ல் ‘குவார்க்ஸ்’ டி.வி. நிகழ்ச்சிக்கு வந்தார். அதற்கு முன் அதை பல வருஷம் நடத்தியவர், இந்திய அப்பாவுக்கு பிறந்த ரங்கா யோகேஷ்வர்.

ரகசியம் இதுதான்

அவருடைய ‘மாய்லாப்’ சேனலுக்கு பணம் கொடுத்தது பொது ஒளிபரப்பு நிறுவனங்கள். அந்த பணம் ஜனங்கள் கட்டுவது. 2020-ல் வீட்டுக்கு மாதம் 17.50 யூரோ. விளம்பரம் கிடையாது. பரபரப்பு கிளப்பி காசு பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. தகவல் எங்கே எடுத்தது என்பதையும் வீடியோவுக்கு கீழேயே போட்டுவிடுவார். சந்தேகம் இருந்தால் யாரும் சரிபார்த்துக் கொள்ளலாம்.

புகழோடு வசவும் வந்தது. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவர் அசரவில்லை. 2020-லேயே நாட்டின் உயரிய விருதான கூட்டாட்சி சிலுவை விருது கிடைத்தது. 2021-ல் ‘மாய்திங்க் எக்ஸ்’ என்ற டி.வி. நிகழ்ச்சியை தொடங்கினார். 10 லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்கள் இருந்தும், 2023-ல் யூ டியூப் சேனலுக்கு முழுக்கு போட்டார்.

இனிப்பு தடவாமல் உண்மையை சொன்னால் ஜனங்கள் ஓடிவிட மாட்டார்கள், உட்கார்ந்து கேட்பார்கள் என்பதற்கு அந்த 20 நிமிட வீடியோவே சாட்சி.