சம்பளக்காரர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வருமா? டைஹட்சு கிளப்பிய வாதமும் ஆர்வலர்களின் கணக்கும்

தோக்கியோவில் 2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஜப்பான் மொபிலிட்டி கண்காட்சி நடந்தது. பெரிய நிறுவனங்கள் மின்சாரக் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த அந்த அரங்கில், டைஹட்சு நிறுவனம் ஒரு சிறிய சிவப்பு நிறக் காரைத் திரை விலக்கிக் காட்டியது. இரண்டு இருக்கை, மடங்கும் கூரை, முன்னால் பெட்ரோல் இயந்திரம், பின் சக்கரங்களுக்கு விசை. பெயர் ‘விஷன் கோப்பென்’.

அது விற்பனைக்கு வந்த கார் அல்ல. ‘இப்படி ஒன்று செய்யலாமா?’ என்று கேட்பதற்காகக் காட்டப்பட்ட மாதிரி மட்டுமே. ஆனால் அந்த ஒரு மாதிரி, குறைந்த விலை ஸ்போர்ட்ஸ் கார்களை விரும்புவோரை இரண்டாகப் பிரித்துவிட்டது. டைஹட்சு மலேசியர்களுக்கு அந்நியமான பெயரும் இல்லை. பெரோடுவாவின் தொழில்நுட்பப் பங்காளி அதுதான். 1994இல் வெளிவந்த கஞ்சில், டைஹட்சு மீராவை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது. ஆகவே இந்த வாதம் இங்குள்ள கார் பிரியர்களின் காதிலும் விழுவதில் வியப்பில்லை.

கோப்பென் என்றால் என்ன?

ஜப்பானில் ‘கே’ வகை என்று ஒரு தனிக் கார் பிரிவு உண்டு. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இயந்திரம் 660 சிசி. இந்த எல்லைக்குள் அடங்கினால் வரியும் மற்றச் செலவுகளும் குறையும். நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டின்படி திறன் 64 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை. ஆரம்பக்காலக் கஞ்சிலில் இருந்த 660 சிசி இயந்திரம் இந்தக் கணக்கில் இருந்து வந்ததுதான்.

‘கே’ வகையில், கூரை திறக்கும் ‘ஓப்பன்’ கார். இரண்டையும் சேர்த்துப் பிறந்த பெயரே கோப்பென். 1999ஆம் ஆண்டு தோக்கியோ கண்காட்சியில் மாதிரியாக வந்தது. 2002இல் விற்பனைக்கு வந்தது. உருண்டை விளக்குகள், நான்கு சிலிண்டர் டர்போ இயந்திரம், பொத்தானை அழுத்தினால் பின்னால் மடங்கிச் செல்லும் கூரை. அறிமுக விலை சுமார் 15 லட்சம் யென். அந்த விலையில் அப்படியொரு கூரை அப்போது பெரிய விஷயம்.

2014இல் இரண்டாம் தலைமுறை வந்தது. அதன் சிறப்பு, வெளிப்புறத் தகடுகளைக் கழற்றி வேறு தகடுகளை மாட்டிக்கொள்ள முடிந்ததுதான். சட்டை மாற்றுவது போல முகத்தை மாற்றலாம். ஆனால் இரண்டு தலைமுறையிலும் விசை சென்றது முன் சக்கரங்களுக்குத்தான்.

புதிய மாதிரியில் எது மாறியது?

விஷன் கோப்பெனின் நீளம் 3,835 மில்லிமீட்டர், அகலம் 1,695, உயரம் 1,265. இயந்திரம் 1,300 சிசி. அதாவது ‘கே’ வகையின் வேலியைத் தாண்டிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, மூன்றாம் தலைமுறை மைவியின் நீளம் 3,895 மில்லிமீட்டர். மைவியைவிட 6 சென்டிமீட்டர்தான் குட்டை. ஆனால் தரையோடு ஒட்டி நிற்கும் உயரம்.

இதைவிட முக்கியமான மாற்றம் பின் சக்கர விசை. முன் சக்கர விசைக் காரில், காரை இழுப்பதும் திருப்புவதும் ஒரே ஜோடி டயர்களின் வேலை. வளைவில் வேகமாகப் போகும்போது இரண்டு வேலையும் மோதிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனக்கும், கார் வெளிப்பக்கம் தள்ளும். பின் சக்கர விசையில் வேலை பிரிந்துவிடுகிறது. செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் குலை வெட்ட, இன்னொருவர் அள்ளிச் செல்வது போல, முன் டயர்கள் திருப்புவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். தள்ளுவதைப் பின் டயர்கள் கவனிக்கும். ஓட்டுநரின் கைக்குச் சாலை தெளிவாகப் ‘பேசும்’ என்று ஆர்வலர்கள் சொல்வது இதைத்தான்.

கரிமச் சமநிலை எரிபொருளில் ஓடும் காராக இதை டைஹட்சு அறிமுகப்படுத்தியது. காற்றில் இருந்து எடுத்த கரிமத்தையோ தாவரக் கழிவையோ கொண்டு தயாரிக்கும் எரிபொருள் அது. எரியும்போது வெளியேறும் கரிமம் ஏற்கெனவே காற்றில் இருந்ததுதான் என்பது கணக்கு. மலேசியாவில் டீசலில் கலக்கப்படும் செம்பனை பயோடீசலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பெட்ரோல் இயந்திரத்துக்கானது.

வரவேற்போர் சொல்வது

வரவேற்றவர்களின் முதல் வாதம், ஸ்போர்ட்ஸ் கார் என்பது பணக்காரர் பொருளாகிவிட்டது என்பது. முன்னால் இயந்திரம், பின் சக்கர விசை, எடை குறைவு, நியாயமான விலை என்ற நான்கும் சேர்ந்த புதிய கார் என்றால் இன்று கைவிரல் விட்டு எண்ணலாம். மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட். எம்எக்ஸ்-5இன் ஆரம்ப விலையே 2023இல் ஜப்பானில் 26 லட்சம் யென்னைத் தாண்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு படி வேண்டும். அந்தப் படியில் நிற்கக்கூடியது இந்தக் கார் என்பது அவர்கள் எண்ணம்.

இரண்டாவது, 64 குதிரைத்திறன் கட்டுப்பாடு ஜப்பானுக்கு வெளியே பொருளற்றது. 1,300 சிசி என்றால் மற்ற நாடுகளின் நெடுஞ்சாலைகளுக்கும் ஏற்கும். ஏற்றுமதிக்கு வாய்ப்பு கூடும்.

மூன்றாவது, திறன் குறைந்த காரில்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியும் என்பது. 300 குதிரைத்திறன் காரை அதன் எல்லைவரை ஓட்டினால் சட்டத்தை எப்போதோ மீறியிருப்போம். சிறிய காரில் 70, 80 கிலோமீட்டர் வேகத்திலேயே கியரும் ஸ்டீயரிங்கும் முழு வேலை வாங்கும். மகிழ்ச்சிக்கு வேகம் கட்டாயம் இல்லை என்பதே இவர்களின் அடிப்படைக் கருத்து.

மறுப்போர் சொல்வது

பழைய கோப்பென் உரிமையாளர்கள் பலருக்கு இதில் மனக்குறை. ‘கே’ எல்லையைத் தாண்டினால் அது கோப்பெனே அல்ல என்பது அவர்கள் வாதம். சின்னதாக இருந்ததும், வரி குறைவாக இருந்ததும், ஓய்வு பெற்றவர்கள்கூட இரண்டாவது காராக வாங்கி வைக்க முடிந்ததும்தான் அதன் உயிர். பெரிதாக்கினால் அது விலை குறைந்த எம்எக்ஸ்-5 ஆகிவிடும். 30 ஆண்டுகளுக்கு மேல் அதே வேலையைச் செய்து வரும் காரோடு புதியவர் மோதி வெல்வது எளிதா என்று கேட்கிறார்கள்.

சிறிய காரில் பின் சக்கர விசை வேண்டுமானால் அதை ‘கே’ அளவுக்குள்ளேயே செய்யலாம் என்றும் அவர்கள் நினைவூட்டுகிறார்கள். 1991இல் வந்த சுசுகி கப்புச்சீனோ அப்படித்தான் இருந்தது. அதே ஆண்டு வந்த ஹோண்டா பீட், மறு ஆண்டு வந்த ஆட்டோஸாம் ஏஇசட்-1 ஆகிய இரண்டும் இயந்திரத்தை இருக்கைக்குப் பின்னால் வைத்த 660 சிசி குட்டிகள்.

மூன்றாவது தரப்பு பணக் கணக்குப் பார்ப்பவர்கள். பின் சக்கர விசைக்கு அடித்தளமே வேறு. கோப்பெனின் முந்தைய அடித்தளத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. சில ஆயிரம் கார்களுக்காகப் புதிய அடித்தளம் செய்தால் விலை எப்படிக் குறையும்? இதற்கு மறுபக்கத்தினர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். டொயோட்டா ரஷ் காரும் அதன் உடன்பிறப்பான பெரோடுவா அரூஸும் பின் சக்கர விசை வண்டிகள். டைஹட்சுவுக்கு இந்த வேலை புதிதல்ல என்கிறார்கள். ஆனால் ஏழு பேர் ஏறும் உயரமான வண்டியின் பாகங்களை எடுத்துத் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் செய்வது சொல்வதுபோல் எளிதல்ல.

மாதிரிகளின் தலையெழுத்து

ஆர்வலர்கள் எச்சரிக்கையோடு பேசக் காரணம் உண்டு. ஜப்பானியக் கண்காட்சி மாதிரிகளில் சில சாலைக்கு வந்தன. சில மேடையோடு போயின.

2009இல் காட்டிய எஃப்டி-86, 2012இல் டொயோட்டா 86 ஆக வந்தது. 2013இல் காட்டிய ஹோண்டா எஸ்660, 2015இல் விற்பனைக்கு வந்து 2022 வரை தயாரானது. இவை நல்ல கதைகள்.

மறுபக்கம், நிசான் 2013இல் காட்டிய ஐடிஎக்ஸ். பழைய டட்சன் 510இன் சாயலில் இருந்த அந்தக் காரைப் பார்த்துப் பலர் பணத்தோடு காத்திருந்தார்கள். தயாரிப்புக்கு வரவே இல்லை. 2015இல் டொயோட்டா காட்டிய எஸ்-எஃப்ஆர், 4 மீட்டருக்குள் அடங்கிய பின் சக்கர விசைக் கார். 86க்குக் கீழே ஒரு தம்பி என்று எதிர்பார்க்கப்பட்டது. அதுவும் சாலைக்கு வரவில்லை. வீடியோ விளையாட்டில் மட்டும் ஓட்டக் கிடைத்தது. விஷன் கோப்பெனைப் பார்த்ததும் பலருக்கு நினைவுக்கு வந்தது எஸ்-எஃப்ஆர்தான்.

இடையில் விழுந்த இடி

கண்காட்சி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2023 டிசம்பர் 20ஆம் நாள், டைஹட்சுவின் பாதுகாப்புச் சோதனைகளில் நடந்த முறைகேடுகள் குறித்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை வெளியானது. 64 ரகங்கள் தொடர்புடைய 174 புதிய முறைகேடுகள் பட்டியலிடப்பட்டன. நிறுவனம் எல்லா ரகங்களின் விநியோகத்தையும் நிறுத்தியது. ஜப்பானில் உள்ள அதன் ஆலைகள் சில வாரங்கள் இயங்கவில்லை. 2024 மார்ச்சில் தலைமையும் மாறியது.

குறுகிய காலத்தில் புதிய ரகங்களைக் கொண்டுவரும்படி ஊழியர்கள் மீது சுமத்தப்பட்ட அழுத்தமே முக்கியக் காரணம் என்று குழு சுட்டிக்காட்டியது. இதன் பிறகு ஆர்வலர்களின் பேச்சிலும் நிதானம் வந்தது. ஆடம்பரக் கனவுக்கு இது நேரமில்லை, முதலில் நம்பிக்கையை மீட்கட்டும் என்றனர் ஒரு சாரார். மக்கள் மனத்தைத் திரும்பப் பெற இப்படியொரு கார்தான் உதவும் என்றனர் இன்னொரு சாரார்.

பின்னர் 2025 கண்காட்சியில் டைஹட்சு ‘கே-ஓப்பன்’ என்ற மாதிரியைக் காட்டியது. பின் சக்கர விசை அப்படியே இருந்தது. ஆனால் அளவு மீண்டும் ‘கே’ எல்லைக்குள் வந்திருந்தது. பழைய உரிமையாளர்களின் வாதம் எடுபட்டதோ என்று எண்ண வைக்கும் திருப்பம் அது. தற்போதைய கோப்பென் 2026 ஆகஸ்ட்டோடு நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், அடுத்து என்ன என்ற கேள்வி இன்னும் கூர்மையாகியுள்ளது.

இங்கே வந்தால் என்ன விலை?

மலேசியாவில் சாலை வரி இயந்திரத்தின் அளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் தனியார் பயன்பாட்டுக் கார் 1,300 சிசி என்றால் ஆண்டுக்கு 70 ரிங்கிட். 660 சிசி என்றால் 20 ரிங்கிட். 2,387 சிசி கொண்ட ஜிஆர்86க்கு 767 ரிங்கிட். வைத்துப் பராமரிக்கும் செலவில் சிறிய இயந்திரத்துக்கு நிச்சயம் லாபம்.

வாங்கும் விலையில் அந்த மகிழ்ச்சி இருக்காது. முழுதாக இறக்குமதியாகும் கார்களுக்குக் கலால் வரி 60 விழுக்காட்டில் இருந்து 105 விழுக்காடு வரை போகிறது. எம்எக்ஸ்-5, ஜிஆர்86 இரண்டும் இங்கே இரண்டு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டி விற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜப்பானில் ‘மலிவு’ என்று சொல்லப்படுவது போர்ட் கிள்ளானில் இறங்கும்போது மலிவாக இருப்பதில்லை.

சிங்கப்பூரில் கதை இன்னும் கடினம். 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் உட்பட்ட காராக இருந்தால் வாகன உரிமைச் சான்றிதழில் ‘ஏ’ பிரிவில் அடங்கும். ஆனால் அந்தப் பிரிவின் கட்டணமே 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. காரின் விலையைவிடச் சான்றிதழின் விலை அதிகமாக இருக்கும் இடத்தில் ‘மலிவு’ என்ற சொல்லுக்கு வேறு பொருள்தான்.

பெரோடுவாவே இதை உள்நாட்டில் செய்தால் என்ன என்ற ஆசை பலருக்கு உண்டு. புரோட்டோன் 1990-களில் புத்ரா, சத்ரியா ஜிடிஐ போன்றவற்றைச் செய்து காட்டியது. இன்றும் நன்றாக வைத்திருக்கும் சத்ரியா ஜிடிஐ-க்கு மதிப்பு உண்டு. ஆனால் குடும்பக் கார் வாங்குவோர் எண்ணிக்கைக்கு முன் இரண்டு இருக்கைக் கார் வாங்குவோர் எண்ணிக்கை மிகச் சிறிது. அப்பா, அம்மா, தங்கையைக் கோயிலுக்கும் கிளினிக்கிற்கும் அழைத்துச் செல்ல வேண்டிய வீட்டில், இரண்டு இருக்கைக் கார் முதல் காராக இருக்க முடியாது.

காத்திருக்கும் இளைஞர்களுக்கு

குறைந்த விலை ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத இடத்தை இங்குள்ள இளைஞர்கள் வேறு வழியில் நிரப்பினார்கள். ஜப்பானில் இருந்து வந்த பழைய டர்போ இயந்திரங்களைப் பட்டறையில் கஞ்சிலில் ஏற்றியவர்கள் பலர். அந்தக் கைவேலைத் திறமை பாராட்டத்தக்கது. ஆனால் ஜே.பி.ஜே. அனுமதி இல்லாமல் இயந்திரத்தை மாற்றினால் அபராதத்தோடு முடியாது; விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையும் சிக்கலாகும். பிரேக்கும் டயரும் பழையபடி இருக்க, திறனை மட்டும் இரட்டிப்பாக்கியதால் வீட்டுக்குத் திரும்பாதவர்களும் உண்டு.

மலிவான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று ஆர்வலர்கள் கேட்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே சரியான பிரேக், சரியான எடை, காற்றுப் பைகளோடு செய்யப்பட்ட சிறிய கார் கைக்கெட்டும் விலையில் இருந்தால், ஆபத்தான குறுக்கு வழிக்குத் தேவை குறையும்.

அதுவரை, கண்காட்சி மேடையில் நிற்கும் காரை நம்பிக் கையில் இருக்கும் காரை விற்க வேண்டாம். மலேசியாவில் கார் கடன் 9 ஆண்டுகள் வரை நீளும். முதல் சம்பளத்தில் எடுத்த முடிவை முப்பது வயதிலும் கட்டிக்கொண்டிருக்க நேரும். ஓட்டும் ஆசை இருப்பவர்கள், இருக்கும் கியர் காரையே நல்ல டயர் போட்டு, முறையாகப் பராமரித்து, பந்தயத் தடத்தில் அனுமதியோடு ஓட்டிப் பார்க்கலாம். கோப்பெனின் அடுத்த வாரிசு 660 சிசியோடு வந்தாலும் 1,300 சிசியோடு வந்தாலும், அன்று அதை ஓட்டத் தெரிந்த கை தயாராக இருக்கும்.