வலது கை

உத்திரமேரூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் குடவோலையும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டும்தான் ஞாபகம் வரும். எனக்கு வருவது என் சித்தப்பாவின் வலது கை. முழங்கைக்குக் கீழே தார் பூசியதுபோல் இருக்கும். இடது கை அவருடைய சொந்த நிறம். முப்பது வருஷம் ஜன்னல் விளிம்பில் கையை வைத்து வண்டி ஓட்டினால் அப்படித்தான் ஆகும். டிரைவரா என்று தெரிந்துகொள்ள லைசென்ஸ் கேட்காதே, ரெண்டு கையையும் நீட்டச் சொல் என்பார்.

அந்தக் காலத்து லோடு வண்டிகளில் டிரைவருக்கு இரண்டு வெயில். ஒன்று மேலிருந்து, இன்னொன்று எஞ்சினிலிருந்து. மெட்டடார் வேனில் எஞ்சின் இருந்ததே டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில்தான். மேலே ஒரு மூடி. கிளீனர் பையன் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவான். சோற்றுத் தூக்கை வைத்தால் மத்தியானம்வரை சூடு ஆறாது. 1986இல் டாடா 407 வந்தது; அதிலும் எஞ்சினின் ஒரு பகுதி கேபினுக்குள் புடைத்துக்கொண்டுதான் நின்றது. 1988இல் வந்த டாடா மொபைல் பிக்கப்பில் கார்போல எஞ்சின் முழுசாக பானெட்டுக்குள் இருந்தது. சித்தப்பா வாங்கியது அந்த வகை பிக்கப்தான், இரண்டு கை மாறி வந்தது.

குளிர்ச்சிக்கு இருந்தவை: ஜன்னலோரத்து முக்கோணக் கண்ணாடி, கழுத்தில் ஒரு ஈரத் துண்டு, வழியில் புளியமர நிழல். முக்கோணக் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பிவிட்டால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். கத்திரி வெயிலில் அதுவே அனல்காற்றாகிவிடும், அது வேறு விஷயம். கோயம்பேட்டுக்கு லோடு ராத்திரியில்தான் போகும் என்பதால் போகும்போது உடம்புக்குத் தெரியாது. மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு காலி வண்டியில் திரும்பும்போதுதான் காஞ்சிபுரம் ஜில்லாவின் வெயில் முழுசும் மடியில் வந்து உட்காரும். தர்பூசணி சீசனில் இந்தப் பக்கத்து வண்டிகள் ஊருக்கெல்லாம் குளிர்ச்சியை ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டுகிறவன் மட்டும் வெந்துகொண்டிருப்பான்.

போன வருஷம் அந்த பிக்கப்புக்கு ஏசி போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். டாக்டரும் வியர்வையை நிறுத்தச் சொல்லவில்லை, தண்ணீர் குடிக்கத்தான் சொன்னார். ஆனாலும் போட்டார்.

கூடவே இருந்து பார்த்தேன். ஏசி போடுவது என்றால் ஏதோ ஒரு பெட்டியை மாட்டுவது என்று நினைத்திருந்தேன். கம்ப்ரசரும் கண்டன்சரும் புதுப்பேட்டையிலிருந்து, கழித்துப்போட்ட கார்களின் சாமான். கம்ப்ரசரை எஞ்சின் ஓரத்தில் உட்காரவைக்க பிராக்கெட் கடையில் கிடைக்காது; மெக்கானிக் அட்டையில் வெட்டி அளவு பார்த்து, அப்புறம் இரும்புத் தகட்டில் வெட்டி வெல்டு வைத்தார். புல்லி நூல் பிடித்தாற்போல நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் ஒரு நடைக்குமேல் தாங்காது. ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சர் வந்து மறைப்பதால் கூடுதலாக ஒரு ஃபேன். கூலிங் காயிலை டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டதில் பக்கத்து சீட்காரர் முட்டியை மடக்கியே உட்கார வேண்டும். கடைசியாக பம்ப் வைத்து குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு கேஸ் ஏற்றினார். பழைய கார்களில் இருந்த ஆர்12 ஓசோனைத் தின்கிறது என்று எப்போதோ நிறுத்தியாயிற்று, இப்போது ஆர்134ஏ. எண்ணெயும் வேறு. பழைய எண்ணெய் ஒட்டிய கம்ப்ரசரில் புது கேஸை அடித்தால் சீக்கிரமே மடியும் என்று அதைக் கழற்றி மூன்று முறை கழுவினார்.

இவ்வளவும் பாதி வேலைதான். மீதிப் பாதி ஓட்டை அடைப்பது. கியர் ராடு வருகிற இடம், பெடல் வருகிற இடம், கதவு ரப்பர், துருப்பிடித்த தரை, ஒற்றைத் தகட்டுக் கூரை. கூரைக்கு உள்ளே ஃபெல்ட் ஒட்டி ரெக்சின் அடித்தார்கள். நாலு பக்கமும் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று செய்த வண்டியை, காற்றே புகாத டப்பாவாக மாற்றவேண்டியிருந்தது. ஒரு மாச வாடகை அதிலேயே போனது.

ஏசி எஞ்சினிடம் கைமாற்று வாங்கித்தான் ஓடும். கம்ப்ரசர் மூன்று நாலு குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். 2005இல் குட்டி யானை என்று நாம் பெயர் வைத்த டாடா ஏஸ் வந்தபோது அதன் மொத்த பலமே 16 குதிரைத்திறன். அதில் போய் ஏசி கேட்டால் வண்டி நகருமா, குளிருமா? சித்தப்பாவும் முழு லோடோடு மேட்டில் ஏறும்போது ஏசியை அணைத்துவிடுவார். மாட்டுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிற மாதிரி.

டீசல் போடுகிறவன் முதலாளியாகவும், ஸ்டியரிங் பிடிக்கிறவன் கூலியாளாகவும் இருக்கிற வண்டியில் இந்தச் செலவு நடக்காது. இருபது வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய சித்தப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அரசாங்கம் சட்டம் போடவேண்டியதாயிற்று. டிரைவர்கள் 43, 47 டிகிரியில் வேலை செய்கிறார்கள் என்று 2023 ஜூனில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பேசினார். செலவு கூடும் என்று சிலர் எதிர்த்ததையும் சொன்னார். 2025 ஜூனிலிருந்து புது லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம். கேபின் இல்லாமல் வெறும் சேசிஸாக விற்று, பட்டறையில் பாடி கட்டுகிற வண்டிக்கும் கம்பெனியே ஏசி கிட் கொடுத்தாக வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இல்லை. லோடோடு சேர்த்து மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டினால்தான் இந்தச் சட்டம். குட்டி யானை, தோஸ்த், இங்கே காய்கறியும் நெல்மூட்டையும் ஏற்றுகிற சின்ன வண்டிகள் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். வெயில் எடை பார்த்து அடிப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் ஒருநாள் சித்தப்பாவோடு சாலவாக்கம் ரோட்டில் போனேன். அந்தப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும். எதிரே ஜல்லி ஏற்றிய புது டிப்பர் ஒன்று. நம் ஜில்லாவிலேயே ஒரகடத்தில் 2012இல் திறந்த ஆலையில் செய்கிற பாரத்பென்ஸ். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. ஓட்டியது ஒருகாலத்தில் சித்தப்பாவிடம் கிளீனராக இருந்த பையன். அரைக்கைச் சட்டை, ஸ்டியரிங்மேல் இரண்டு கையும் ஒரே நிறம். எங்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னான், வாயசைவு மட்டும் தெரிந்தது.

சித்தப்பா அவசரமாகக் கண்ணாடியை இறக்கி, "எங்கடா நடை?" என்று கத்தினார். டிப்பர் அதற்குள் கடந்துவிட்டது. புழுதி மொத்தமும் உள்ளே வந்தது. நான் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். "இருடா, அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கி ஜன்னலில் வைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.