‘என்று’ மட்டும் போதுமா?

ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியே பெரும்பாலும் இடமாட்டார்கள். சங்க அகப்பாடல் முழுவதுமே ஒருவரின் பேச்சுதான். ஆனாலும் பேசுவது தலைவியா தோழியா என்பதைப் பாட்டோடு சேர்த்து எழுதப்பட்ட கூற்றுக் குறிப்புதான் சொல்லும். அச்சு வந்து, 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஊன்றிய பிறகே இன்றைய பழக்கம் நிலைபெற்றது. இதைக் காட்டி, “தமிழில் ‘என்று’ இருக்கிறது, ‘என’ இருக்கிறது, பேச்சைப் பிரித்துக்காட்ட இரவல் குறி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயமான கேள்வி. ‘என்று’ பேச்சு முடியும் இடத்தைக் காட்டிவிடும். தொடங்கும் இடத்தைக் காட்டாது. ‘கண்ணன் நேற்று பணம் கொடுத்தேன் என்றான்’ என்ற வாக்கியத்தில் நேற்று நடந்தது எது, கொடுத்ததா, சொன்னதா? கண்ணன், “நேற்று பணம் கொடுத்தேன்” என்றான் என எழுதினால் ஒரு பொருள். கண்ணன் நேற்று, “பணம் கொடுத்தேன்” என்றான் என எழுதினால் வேறு பொருள். ஆகவே தமிழில் இலக்கண வேலை முழுவதையும் செய்வது திறக்கும் குறிதான். மூடும் குறி அதற்குத் துணை.

ஆனால் இரண்டு குறிகளும் சேர்ந்து இன்னொன்றையும் செய்கின்றன: உள்ளே இருப்பவை பேசியவரின் சொற்களே என்று வாசகருக்கு உறுதி தருகின்றன. நம் செய்தித்தாள்கள் சறுக்குவது இங்கேதான். “விலையைக் குறைக்க முயற்சி எடுப்போம்” என்று ஓர் அமைச்சர் பேசியதாக வைத்துக்கொள்வோம். “விலை குறையும்”: அமைச்சர் உறுதி என்று தலைப்புப் போட்டால், அவர் கொடுக்காத வாக்குறுதியை அவர் வாயில் திணித்ததாகிவிடும். சாரத்தைச் சொல்லத் தமிழில் வழியா இல்லை? ‘விலையைக் குறைக்க முயலப்போவதாக அமைச்சர் கூறினார்’ என்று குறியே இல்லாமல் நேர்மையாக எழுதலாம். இதற்குச் செய்தியாளர்கள் சொல்லும் மறுப்பு கனமானது. மேடையில் “செஞ்சிடுவோம்” என்கிறார், நாங்கள் “செய்துவிடுவோம்” என்று அச்சிடுகிறோம். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்கும்போதே குறிக்குள் இருப்பது அவர் சொல் இல்லை என்றாகிவிட்டதே, பிறகு எந்த உறுதி? அமெரிக்காவில் இதையொட்டிய ஒரு வழக்கே நடந்தது. ‘நியூயார்க்கர்’ இதழில் 1983-இல் ஜேனட் மால்கம் எழுதிய கட்டுரையில், தான் சொல்லாதவை மேற்கோளாக வந்திருப்பதாக உளப்பகுப்பாய்வாளர் ஜெஃப்ரி மேசன் வழக்குத் தொடுத்தார். 1991-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இலக்கணத்தைச் சீர்செய்வது போன்ற மாற்றங்களால் மட்டும் ஒரு மேற்கோள் பொய்யாகாது, பொருளையே கணிசமாக மாற்றினால்தான் ஆகும் என்று கோடு கிழித்தது. (பின்னர் 1994-இல் நடுவர் குழு மால்கமுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) சட்டத்தை விடுங்கள், அந்தக் கோடு நமக்கும் பொருந்தும். “செஞ்சிடுவோம்” என்பதை “செய்துவிடுவோம்” ஆக்கலாம். “பார்ப்போம்” என்றதை “செய்துவிடுவோம்” ஆக்கக் கூடாது.

குறியே போடாமல் உரையாடல் எழுதும் சிறுகதைக்காரர்களை, மேற்கோள் குறி தேவை என்பதற்கு எதிர்ச்சான்றாக நிறுத்த முடியாது. கதைசொல்லி எழுத்துத்தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத்தமிழிலும் இருக்கும்வரை, நடையே குறியின் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பேச்சையெல்லாம் எழுத்துத்தமிழாக்கி அச்சிடும் செய்திக்கு அந்த வசதி இல்லை. மற்ற நிறுத்தக்குறிகள் மேற்கோள் குறிக்கு உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் அவ்வளவு பெரியதல்ல. அமெரிக்க அச்சு மரபு காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் எப்போதும் உள்ளே தள்ளும். அதை நாம் பின்பற்றக் காரணமே இல்லை. குறி யாருடையதோ அவரிடமே இருக்கட்டும். “வருகிறாயா?” என்று கேட்டான் என்பதில் வினா பேசியவனுடையது, உள்ளே நிற்கும். அவன் “வருகிறேன்” என்றானா? என்பதில் வினா எழுதுபவருடையது, வெளியே நிற்கும். “வருகிறேன்” என்றான் என்பதில் ‘வருகிறேன்’ என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வேண்டாம். வாக்கியம் இன்னும் முடியவில்லை.