சோளமும் கடலையும்: பாகில்லாமல் பிடிக்கும் ஆப்பிரிக்க உருண்டை

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் பிரிஞ்சாங், கீ ஃபார்ம் பக்கம் ஆவி பறக்கும் இனிப்புச் சோளத்தைச் சாப்பிடாமல் இறங்குவதில்லை. ஆனால் நைஜீரியாவில் ‘டோன்குவா’ என்று விற்கும் உருண்டைக்கு அந்தச் சோளம் ஆகாது. அதற்குக் காய்ந்து கெட்டிப்பட்ட மக்காச்சோளமும் நிலக்கடலையும் வேண்டும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்த பயிர்கள். ஈப்போ புந்தோங்கில் தமிழ்க் குடும்பங்கள் கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளை வறுத்து விற்கும் நாட்டில், கடலை வறுக்கும் பக்குவம் நமக்குப் புதிதல்ல.

தேவையானவை: வறுத்து அரைத்த சோள மாவு ஒன்றரைக் கப், வறுத்துத் தோல் நீக்கிய கடலை 2 கப், சர்க்கரை அரைக் கப், சுக்குத்தூள் 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: சோளத்தை இரும்புச் சட்டியில் சிறுதீயில் கிளறிக்கொண்டே, உள்ளும் புறமும் பொன்னிறமாகும்வரை வறுங்கள். ஆறியதும் மில்லில் அரைத்துச் சலியுங்கள். மில் இல்லையென்றால் மக்காச்சோள மாவை வாங்கி வாசனை வரும்வரை வறுக்கலாம். குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படும் வெள்ளை கார்ன்ஃபிளவர் வெறும் மாவுச்சத்து, அது வேண்டாம்.

கடலையைக் கிராம்போடு எண்ணெய் கசியும்வரை இடியுங்கள். பிறகு மற்றவற்றைச் சேர்த்து மறுபடி இடித்து, உள்ளங்கையில் அழுத்தி உருட்டுங்கள். நம் பொரிவிளங்காய்க்கு வெல்லப்பாகு வேண்டும். இதற்குப் பாகும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மாவைச் சேர்த்துப் பிடிப்பது அதுதான். உருண்டை உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்காமல் இன்னும் கொஞ்சம் கடலையை இடித்துச் சேருங்கள். தண்ணீர் படாததால்தான் இது சில நாள் தாங்குகிறது.

ஈரம் கவனம்: போ தேயிலைத் தோட்டம் 1929-ல் தொடங்கியது முதல் கேமரன் மலையில் தேயிலையை வளர்த்துவரும் அதே மூடுபனி, வறுத்த பண்டத்தை ஒரே நாளில் நமுத்துப்போக வைக்கும். நன்றாக ஆறிய பிறகே இறுக மூடும் டின்னில் போடுங்கள்.

வறுப்பதற்கு முன்பே சோளத்தையும் கடலையையும் பொறுக்குங்கள். ஈரத்தில் கிடந்த இரண்டிலும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு உண்டாகலாம். அது கல்லீரலைத் தாக்கும். கென்யாவில் 2004-ல் இந்த நஞ்சேறிய சோளத்தைத் தின்று 125 பேர் இறந்தார்கள். வறுத்தாலும் நஞ்சு முழுதாக அழியாது. அதனால் சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எதையும் சட்டியில் போடாதீர்கள். கசந்தால் துப்பிவிடுங்கள்.