கருவேல முள்ளும் வால்வு ட்யூபும்

பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டும். கிராமத்துப் பள்ளியில் ஊசிக்கு எங்கே போவது? வேலியோரக் கருவேல முள்ளை எடுத்துக்கொண்டார்கள் ஹோஷங்காபாத் பிள்ளைகள்.

மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த மாவட்டத்தில், 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் முன்னின்று நடத்தின. 1982-ல் உருவான ஏகலவ்யா பின்னர் பொறுப்பேற்றது. 'பால் வைஞானிக்' என்ற அவர்களது பாடநூலில் விடைகள் இருக்காது. நான்கு நான்கு பேராகச் சேர்ந்து சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் வாதாடித்தான் விடைக்கு வர வேண்டும்.

ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1970-களின் இறுதியில் அங்கே போனார். சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக நறுக்கி, இரு முனைகளிலும் தீக்குச்சிகளைச் செருகினார். நான்கு குச்சிகளில் ஒரு சதுரம். மெல்ல அழுத்தினால் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சிகளில் செய்த முக்கோணமோ எவ்வளவு அழுத்தினாலும் வடிவம் மாறாது. சாயும் சதுரத்துக்குள் குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்தால் அதுவும் அசையாமல் நின்றுவிடும். இரும்புப் பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பதை இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. செலவு சில பைசா. கரும்பலகையில் படம் வரைந்து ஒரு வாரம் நடத்தினாலும் இந்தத் தெளிவு வராது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால், இத்திட்டத்தின் ஆகப்பெரிய துணிச்சல் தேர்வில்தான் இருந்தது. பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது என்றான பிறகே, வகுப்பறையில் சோதனைக்கு மரியாதை வந்தது. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி. அவர்களும் பிள்ளைகளைப் போலவே உட்கார்ந்து சோதனை செய்தார்கள்.

சுமார் ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய இத்திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்தியது. பெரும் இழப்பு அது. குப்தாவின் புத்தகங்கள் அவரது இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம்தான் நாம் கேட்க வேண்டும்: செய்து பார்த்த பிள்ளை மட்டுமே எழுதக்கூடிய கேள்விகளை, வரும் தேர்விலிருந்தே கேளுங்கள்.