சவுண்ட் கார்டில் சூரிய வெடிப்பு!

சூரியனில் நடக்கும் வெடிப்பை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம், தெரியுமா?

நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையம் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்புகிறது. சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் சுமார் 8 நிமிடத்தில் பூமிக்கு வந்து, பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கை மாற்றும். உடனே சிக்னலின் வலிமையும் மாறும்.

48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் கொண்ட சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். மைக் சாக்கெட்டில் கம்பிச்சுருள் ஆன்டெனாவை இணைத்து, 'ஸ்பெக்ட்ரம் லேப்' என்ற இலவச மென்பொருளை இயக்குங்கள்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வாசகர்களே! தொழிற்சாலை மின் இரைச்சல் குறுக்கிட்டால் ஆன்டெனாவைத் திருப்பிப் பாருங்கள். கோடுகளாகத் தெரியும் 'டிக் டிக்' துடிப்புகள் மின்னலுடையவை. மின்னல் நெருங்கினால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் கம்ப்யூட்டருக்கும் உங்களுக்கும் ஆபத்து!