இடுப்புத் தறியும் கூடைக் கயிறும்

இலங்கையின் ஊவாவில், நமுனுகுல மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்ணை முன்னால் நின்று படம் பிடிப்போர் பலர். பக்கவாட்டில் நின்று அவள் நிற்கும் நிலையை உற்று நோக்குவோர் மிகச் சிலர். கூடைக் கயிறு அவள் உச்சந்தலையில் பதிந்திருக்கும். கூடை முதுகோடு ஒட்டித் தொங்கும். காலையில் வெறுங்கூடையோடு நிரைக்குள் நுழைகையில் நிமிர்ந்திருந்த உடல், கூடை நிறைய நிறைய முன்னே சாயும். எவ்வளவு சாய வேண்டும் என்று அவளுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. கூடையின் எடையும் அவளுடைய எடையும் சேர்ந்த மொத்தத்தின் ஈர்ப்பு மையம் அவள் பாதங்களுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். தவறினால் ஈரச் சரிவில் அவள் மல்லாந்து விழுவாள். கைப்பிடிக் கொழுந்து கூடைக்குள் விழும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கை அவள் கழுத்தும் முதுகும் புதிதாகப் போட்டுக்கொள்கின்றன.

இந்தக் கணக்கைத் துணி நெய்வதற்குப் பயன்படுத்தும் மக்கள் நிலவுலகின் மறுபுறத்தில் வாழ்கின்றனர். மெக்சிக்கோவின் தென்பகுதியிலும் குவாத்தமாலாவின் மேட்டு நிலங்களிலும் வாழும் மாயா இனத்தார் அவர்கள். நம் மலைப்பெண்களைப் போலவே அவர்களும் தலையில் பட்டை தாங்கி முதுகில் சுமை சுமந்தவர்கள். அந்தப் பட்டைக்கு அங்கே மெக்கப்பால் என்று பெயர். சுமைக்குத் தலையில் பட்டை கட்டியவர்கள், நெசவுக்கு இடுப்பில் பட்டை கட்டினார்கள். அந்த இடுப்புத் தறியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

காஞ்சிபுரத்துக் குழித்தறியைக் கண்டவர்களுக்குத் தறி என்றாலே மரச்சட்டமும் நிலத்தில் ஊன்றிய கால்களும்தான் நினைவுக்கு வரும். மாயாத் தறிக்குச் சட்டமே இல்லை. பாவிழைகளின் இரு முனைகளிலும் இரண்டு கோல்கள். மேற்கோலை ஒரு மரத்திலோ வீட்டுத் தூணிலோ கயிற்றால் கட்டுவார்கள். கீழ்க்கோலின் இரு நுனிகளிலும் ஓர் அகன்ற பட்டையைப் பிணைத்து, நெய்பவள் அதைத் தன் இடுப்புக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நிலத்தில் மண்டியிட்டு அமர்வாள். அவள் எழுந்து போனால் தறி என்ற ஒன்றே அங்கு இராது. சில கோல்களும் சுருண்ட நூலும்தான் கிடக்கும். அவற்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். அவள் உடல் அந்தக் கோல்களோடு இணையும்போதே அது தறியாகிறது.

பாவு விறைப்பாக நின்றால்தான் நெய்ய முடியும். அந்த விறைப்பை அவள் பின்னே சாய்ந்து உண்டாக்குகிறாள். பள்ளியில் நாம் படித்த விசையின் திருப்பம் இங்கே வேலை செய்கிறது. நெய்பவளின் எடை 50 கிலோ என்று கொள்வோம். அவள் சாயும்போது ஈர்ப்பு மையம், அவள் ஊன்றியிருக்கும் இடத்துக்கு 5 சென்ரிமீற்றர் பின்னே போகிறது. இடுப்புப் பட்டை நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. 50ஐ 5ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 10 கிலோ எடைக்கு ஈடான இழுவிசை கிடைக்கும். பாவில் 500 இழைகள் இருப்பின் ஓர் இழைக்கு 20 கிராம். இன்னும் ஒரு சென்ரிமீற்றர் சாய்ந்தால் அது 24 கிராம் ஆகும். கையால் நூற்ற பருத்தி இழைக்கு இவ்வளவு நுண்ணிய கட்டுப்பாடு தேவை. அது மெல்லியது, சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் ஒடுங்கியும் இருப்பது. அசையாத விட்டங்களுக்கு இடையே கட்டிய பாவு, அத்தகைய இழையை அறுத்துவிடக்கூடும். இடுப்போ, இழை தன் எல்லையை நெருங்குவதை முதுகுத்தோலில் உணர்ந்து உடனே தளர்ந்து கொடுக்கும்.

தளர்ந்து கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துணியில் ஊடை புகவேண்டுமானால் பாவிழைகள் இரு கூறாகப் பிரிந்து வாய் திறக்க வேண்டும். ஒற்றைப்படை இழைகளுக்குக் கீழே ஒரு தடித்த கோல் கிடக்கும். அதனால் அவை எப்போதும் மேலே நிற்கும். இது முதல் வாய். இரட்டைப்படை இழைகள் ஒவ்வொன்றும் ஒரு நூல் வளையத்துக்குள் நுழைந்து மற்றொரு கோலில் தொங்கும். நம் நெசவாளர் விழுது என்பது இந்த வளையங்களைத்தான். விழுதுக் கோலைத் தூக்கினால் கீழே கிடந்த இழைகள், மேலே நிற்கும் இழைகளுக்கு இடையே புகுந்து எழ வேண்டும். பாவு விறைத்திருந்தால் எழ மாட்டா. அந்நொடியில் அவள் முன்னே குனிகிறாள், பாவு தளர்கிறது, இழைகள் எழுகின்றன, இரண்டாம் வாய் திறக்கிறது. வாள்போன்ற வழவழப்பான கடுமரப் பலகையை அதற்குள் செருகி நிமிர்த்துகிறாள். ஊடையை விட்டபின் பின்னே சாய்ந்து, விறைத்த பாவின்மேல் அப்பலகையால் ஊடையை அடித்து இறுக்குகிறாள். குனிதல், சாய்தல், குனிதல், சாய்தல். குழித்தறியில் காலால் மிதிக்கும் மிதிகளின் பணியையும் இறுக்கிக் கட்டிய விட்டங்களின் பணியையும் ஒரே இடுப்பு செய்துவிடுகிறது.

இத்தறி மாயாவினருக்கு மட்டும் உரியதன்று. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மலைகளில் இன்றும் பெண்கள் இடுப்பில் பட்டை கட்டி நெய்கின்றனர். சீனத்தின் யுன்னானில் கிடைத்த ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள வெண்கலக் கலத்தின் மூடியில், காலால் கோலை உந்தி இடுப்புத் தறியில் நெய்யும் பெண்களின் சிறு வார்ப்புகள் வட்டமாக அமர்ந்திருக்கின்றன. மாயா நிலத்திலும் அது பழையதே. மெக்சிக்கோவின் கம்பேச்சேக் கரையை ஒட்டிய கைனாத் தீவின் புதைகுழிகளில் கி.பி. 600க்கும் 900க்கும் இடைப்பட்ட சுடுமண் பாவைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் ஒரு பெண் மரத்தில் தறியைக் கட்டி நெய்கிறாள். அந்த மரத்தின்மேல் ஒரு பறவை அமர்ந்து பார்க்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் அதை வனைந்தவர், நெசவு நடக்கும் முற்றத்தை அருகிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தமிழில் ஆடைக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் இத்தறியின் மற்றொரு தன்மை விளங்கும். அறுவை என்றனர் பழந்தமிழர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவர் பெயரே உண்டு. துணி என்கிறோம்; துண்டு என்கிறோம். மூன்றும் அறுத்தல், துணித்தல், துண்டித்தல் என்ற வினைகளில் பிறந்தவை. நீண்ட பாவை நெய்து, தறியிலிருந்து வெட்டி எடுத்த பழக்கம் அச்சொற்களில் உறைந்திருக்கிறது. மாயாத் துணிக்கோ பெரும்பாலும் அறுப்பே இல்லை. பாவிழை இரு முனைக் கோல்களிலும் அறுபடாமல் திரும்பி ஓடுவதால், நான்கு பக்கமும் கரை கட்டிய முழுத் துணியாக அது தறியிலிருந்து இறங்கும். நூல் பிரியும் விளிம்பு எங்கும் இராது. அதன் அகலத்தை நெய்பவளின் இரு கைகளும் எட்டும் தொலைவு முடிவு செய்கிறது. ஆகவே பெண்கள் அணியும் உவிப்பில் என்னும் மேலாடையை இரண்டு அல்லது மூன்று துணிகளை நெடுக்காக இணைத்துத் தைக்கிறார்கள். கத்தரிக்கோலுக்கு அங்கே வேலை மிகக் குறைவு.

அந்த உவிப்பிலின் மேல் நிறையும் பூவேலையைத்தான் உலகம் வியக்கிறது. முதற்பார்வைக்கு அது ஊசியால் தைத்த பின்னல் என்றே தோன்றும். அது தைத்ததன்று; நெய்யும்போதே நுழைத்தது. அடித்துணிக்கு உரிய ஊடை ஒருமுறை ஓடியதும், நெய்பவள் விரலாலோ கூர்ங்குச்சியாலோ பாவிழைகளை எண்ணிப் பொறுக்கி, உரு வேண்டிய இடத்தில் மட்டும் வண்ண நூலைச் செருகுகிறாள். மீண்டும் அடித்துணி ஊடை, மீண்டும் வண்ணம். இந்த வண்ண நூல்களை எல்லாம் உருவி எடுத்துவிட்டாலும் கீழே துணி பழுதின்றி நிற்கும். ஒவ்வொரு பாவிழைக்கும் கேள்வி ஒன்றே: வண்ண நூல் மேலே போகுமா, கீழே போகுமா? கணினியின் ஒன்றும் சுழியும் போன்ற இந்த விடைகளைக் கொண்டே சாய்சதுரமும் பறவையும் இருதலைக் கழுகும் எழுகின்றன.

இந்த விடைகள் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன? காஞ்சி நெசவில் அடை என்னும் முறை உண்டு. பூவின் வரிசை முழுவதையும் தறியிலேயே நூல் முடிச்சுகளாகக் கட்டி வைப்பார்கள். பிரான்சின் சக்கார்டு 1804இல் அட்டைகளில் துளையிட்டு அதை வைத்தார். மாயாப் பெண்ணுக்கு அட்டையும் இல்லை, முடிச்சும் இல்லை. நெய்து முடித்த முந்தைய வரியை விரலால் தடவி, அதிலிருந்து ஓரிழை வலமோ இடமோ நகர்ந்து அடுத்த வரியைப் பெறுகிறாள். உரு அவள் நெஞ்சில் ஒரு விதியாகக் குடியிருக்கிறது, படமாக அன்று. சாய்சதுரங்கள் அங்கே மிகுதியாக வருவதற்கு இதுவே அடிப்படை என்பது என் கருத்து: வரிக்கு ஓரிழை நகர்தல் என்ற எளிய விதி சாய்கோட்டைத் தரும், விதியைத் திருப்பினால் சதுரம் மூடும். பழைய மாயா நகரான யாசுச்சிலானின் கல்விட்டம் ஒன்றில் கி.பி. 709ஆம் ஆண்டு நிகழ்வில் அரசி ஒருத்தி அணிந்த ஆடையைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் நிரல்நிரலாகச் சாய்சதுரங்கள். அக்கல் இன்று இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெக்சிக்கோவின் சியாப்பாசு மலையூர்களில் பெண்கள் இன்றும் சாய்சதுரங்களை நெய்து அணிகிறார்கள்.

நூலைப் பற்றியும் ஒரு சொல். நம் கருங்கண்ணிப் பருத்தியின் உயிரணுவில் 26 நிறமூர்த்தங்கள். மாயா நிலத்துப் பருத்தியில் 52. பழைய உலகப் பருத்தி ஒன்றின் வழியும் அமெரிக்கப் பருத்தி ஒன்றின் வழியும் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர், இன்றைய மாந்தன் தோன்றாக் காலத்தில், கலந்து அது பிறந்தது. சாயத்திலும் உறவு உண்டு. அவர்கள் நீலம் எடுக்கும் செடி நம் அவுரியின் உடன்பிறப்பு. இரண்டிலும் சேரும் நீலப்பொருள் ஒன்றே. சிவப்புக்கு மட்டும் வழி வேறு: நம்மவர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் அகழ்ந்தனர்; அவர்கள் கள்ளியில் வாழும் சிறு பூச்சியைத் திரட்டினர்.

ஊவாவுக்கும் குவாத்தமாலாவுக்கும் கசப்பான தொடர்பும் ஒன்று உண்டு. 1869இல் மடுல்சீமைக் கோப்பித் தோட்டத்தில் முதன்முதலாகக் கண்ட இலைத்துரு நோய், படிப்படியாக இலங்கையின் கோப்பியை அழித்தது. நம் முன்னோர் தேயிலைக்கு மாறினர். அதே காலத்தில் குவாத்தமாலாவின் கோப்பி பெருகியது. 1877இல் அங்கே இயற்றிய சட்டம் மாயா மக்களை முன்பணக் கடனால் தோட்டங்களோடு பிணைத்தது. நம் மக்களைப் பிணைத்த துண்டு முறை 1921 வரை நீடித்தது. துண்டு என்ற சொல் இங்கே ஆடையைக் குறிக்கவில்லை. ஆளின் கடனை எழுதிய தாளைக் குறித்தது. அந்நாளில் குளிருக்கு நம்மவர் போர்த்திய கம்பளியும் துரைமார் கொடுத்ததே. மாயாப் பெண்ணோ தோட்டத்துக் கடனுக்குள் வாழ்ந்தபோதும் தன் ஊரின் உருக்களைத் தானே நெய்து உடுத்தாள். ஆலைகள் அவ்வுருக்களை அச்சிட்டு விற்கத் தொடங்கியபோது, அந்த நெசவாளப் பெண்கள் 2016இல் குவாத்தமாலாவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடித் தங்கள் உருக்களுக்கு உரிமை கேட்டனர்.

நம் வாயிலிலும் நெசவு உண்டு. பதுளை மாவட்டத்து மகியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவுப் பாதையில் மேலேறினால் தும்பறைப் பகுதி வரும். அங்கே கின்னர வகுப்பினர் நாரால் நெய்யும் உருவப் பாய்களை யுனெசுக்கோ 2021இல் மாந்த இனத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே இத்தீவின் கைவினைகளை விரிவாக எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர், கனிமவியல் அறிஞர். பாறைகளை ஆராய ஊர் ஊராகச் சென்றவர் கைவினைஞரின் அறிவைக் கண்டு 1908இல் பெருநூல் வெளியிட்டார். பாறையையும் பாயையும் அவர் ஒரே கண்ணால் பார்த்தார்.

அந்தக் கண் நம் கொழுந்து மலைகளின் பக்கம் இன்னும் திரும்ப வேண்டும். கூடைக் கயிறு தலையில் எவ்விடத்தில் பதிகிறது, நிறைகூடையில் கழுத்தெலும்பு தாங்கும் விசை எவ்வளவு, எந்த அகலமுள்ள பட்டை நோவைக் குறைக்கும் என்று அளப்பதற்கு ஒரு தராசும் ஓர் அளவுநாடாவும் போதும். பதுளையிலேயே ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு பயிலும் நம் பிள்ளைகள் தம் தாயின் முதுகிலிருந்தே இந்த ஆய்வைத் தொடங்கலாம்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறேழு கோல்கள், ஒரு நூற்கண்டு, பழைய படங்குத் துணியில் கிழித்த ஒரு பட்டை. பள்ளி முற்றத்துச் சவுக்கு மரத்தில் ஒரு முனையைக் கட்டுங்கள். மறுமுனையை ஒரு மாணவியின் இடுப்பில் கட்டுங்கள். விசையின் திருப்பம் என்ற பாடத்தை அன்று அங்கே நடத்துங்கள்.